படகு வந்த வழியே

சைக்கிளைப் பற்றிச் சென்னைவாசிகளுக்கு இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பால்காரருக்கும் ஏற்ற வாகனம் என்பது ஒன்று. வைத்தியர் உடம்பை இளைக்கச் சொன்னால், தலையில் கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டு, விலையுயர்ந்த வண்டியொன்றில் ஏறி, விடியற்காலையில் காற்றாய்ப் பறப்பதற்குரியது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது அபிப்பிராயம் ஒன்றும் இருக்கலாம் என்பது எங்கள் கட்சி. அவசரமில்லாமல், நினைத்த இடத்தில் காலை ஊன்றி நின்று, தாம் வாழும் ஊரைப் பார்த்துவருவதற்கு அதைவிடச் சிறந்த வாகனம் இல்லை. காரில் போகிறவருக்கு ஊர் கண்ணாடிக்கு அப்பால் ஓடும் சித்திரம். நடந்து போகிறவருக்கு ஊர் என்பது நாலு தெரு. சைக்கிளில் போகிறவருக்கோ ஊர் முழுவதும், அதன் வாசனை துர்வாசனைகளோடு கூட, சொந்தமாகி விடுகிறது.

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தியாகராய நகரிலிருந்து முட்டுக்காட்டு உப்பங்கழி வரையில் நாங்கள் சைக்கிளில் போய்வந்தோம். நாங்கள் என்றால் இருவர். எங்களில் மூத்தவருக்கு வயது அறுபத்தெட்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இளையவர் அவருடைய மருமான். பிரயாணத்தின்போது பெருமூச்சு விட்டவர் யார், இளைப்பாறலாம் என்று முதலில் சொன்னவர் யார் என்பதையெல்லாம் வாசகர்கள் விசாரிக்க வேண்டாம். வயதுக்கும் பெருமூச்சுக்கும் அப்படியொன்றும் நெருங்கிய சம்பந்தம் கிடையாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

மாமாவின் ஆசை

இந்தப் பிரயாணத்துக்குக் காரணம் அறுபது ஆண்டுப் பழமையுள்ள ஓர் ஆசை. மாமா சிறு பையனாக மந்தைவெளியில் பாட்டி வீட்டில் வளர்ந்த காலத்தில், பக்கிங்ஹாம் கால்வாயில் படகுகள் வந்துகொண்டிருந்தன. சவுக்குக் கட்டை ஏற்றிய படகை, இரண்டு ஆட்கள் கரையில் நடந்தபடி கயிறு போட்டு இழுத்து வருவார்கள். படகின் மேல் ஒருவன் நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டிருப்பான். கரையோரத்து விறகுத் தொட்டியில் கட்டைகளை இறக்கிவிட்டு, அங்கேயே மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்குவார்கள்.

"எங்கேயிருந்து வருகிறது இந்தப் படகு?" என்று ஒரு நாள் பையன் கேட்டான்.

"தெற்கேருந்து, தம்பி."

"என்னையும் அழைத்துப் போவாயா?"

"இந்த நடை வேணாம். அடுத்த நடை வா, போகலாம்."

அடுத்த நடை வரவில்லை. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் அடித்த புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமடைந்தது. அதற்குப் பிறகு அதைச் செம்மையாகச் செப்பனிட்டவர் இல்லை. படகுப் போக்குவரத்தும் தேய்ந்து நின்றுபோயிற்று. பையன் வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, பெண்களுக்குக் கலியாணம் செய்து, ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனாலும் 'தெற்கே' என்று படகுக்காரன் சொன்ன அந்த இடம் அவர் மனத்திலேயே தங்கிவிட்டது.

"படகு வராவிட்டால் போகிறது. அது வந்த வழியையாவது பார்த்துவிடலாம், வா அப்பா" என்றார் மருமானிடம். புறப்பட்டுவிட்டோம்.

ஏரியின் மேல் ஒரு நகரம்

காலை ஐந்து மணிக்குப் பனகல் பூங்காவைச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். மாமாவின் வண்டி உறுதியான பழைய கறுப்பு வண்டி. நாடு சுதந்திரமடைந்த இரண்டாம் ஆண்டில், அதாவது 1949-ல், சென்னையில் தோன்றிய சைக்கிள் கம்பெனியின் தயாரிப்பு என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. பின்னால் தயிர்சாதப் பொட்டலமும் தண்ணீர்ப் பாத்திரமும் கட்டப்பட்டிருந்தன.

தியாகராய நகரில் பகலில் நடந்து போவதே பெரிய சாகசம். ஆனால் அந்த வேளையில் பாண்டி பஜார் பெருக்கிக் கோலமிட்ட வாசல்போல் வெறிச்சென்றிருந்தது. இந்தப் பேட்டை முழுவதும் ஒரு காலத்தில் தண்ணீர் என்று சொன்னால் புடைவைக் கடைகளில் முண்டியடிப்பவர்கள் நம்புவார்களோ என்னவோ! மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் மயிலாப்பூரையும் தொட்டுக்கொண்டு இங்கே ஒரு நீண்ட ஏரி கிடந்தது. 1920-களில் அதை மனைகளாக்கித்தான் இந்த நகரை அமைத்தார்கள். ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை அதற்கு இட்டார்கள். ஏரியின் பெயரோ 'லேக் வியூ ரோடு' போன்ற ஒன்றிரண்டு தெருப் பலகைகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெரு மழை பெய்யும் நாட்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று நாம் புலம்புகிறோம். தண்ணீர் இருந்த இடத்துக்குள் வீடு வந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

எல்டாம்ஸ் ரோடு வழியாக லஸ் சர்ச் ரோட்டில் புகுந்தோம். நாகேசுவரராவ் பூங்காவில் உலாவ வந்தவர்கள் கைகளை வீசிக்கொண்டிருந்தார்கள். மாட வீதியில் காபி சாப்பிட்டுவிட்டுக் கபாலீசுவரர் கோபுரத்தின் மேல் சூரியன் ஏறுவதைத் தெப்பக்குளக்கரையில் நின்று பார்த்தோம். குளத்துக்குப் படி இருக்கிறது, சுற்றுவேலி இருக்கிறது, தெப்போற்சவம் இருக்கிறது. ஊரார் அதைத் தங்கள் குளம் என்று எண்ணுகிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொரு நீர்நிலை இருக்கிறது. அதைத் தங்களுடையது என்று எண்ணுகிறவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

மூக்கைப் பிடிக்கும் இடம்

திருமயிலை ரயில் நிலையத்தின் நிழலில்தான் அந்தக் கால்வாய் கிடக்கிறது. கடற்கரையிலிருந்து வரும் பறக்கும் ரயில் 1997-ல் திருமயிலை வரையிலும், 2007-ல் வேளச்சேரி வரையிலும் நீட்டப்பட்டது. வழியில் வெகுதூரம் அதன் தூண்கள் கால்வாயிலேயே காலை ஊன்றி நிற்கின்றன. படகு வந்த வழியில் ரயில் வருகிறது என்று சந்தோஷப்படலாம். ஆனால் மேலே போகும் ரயிலுக்காகக் கீழே இருக்கும் தண்ணீர் பல இடங்களில் குறுகி ஒடுங்கிவிட்டது.

மந்தைவெளிப் பக்கத்தில் ஒரு பாலத்தின் மீது வண்டிகளை நிறுத்தினோம். கீழே இருந்ததைத் தண்ணீர் என்று சொல்ல நா கூசுகிறது. காய்ச்சிய தாரைப்போல் கறுத்து, அசைவற்றுக் கிடந்தது. பிளாஸ்டிக் பைகளும், உடைந்த பொம்மையும், யார் வீட்டு விசேஷத்திலோ மிஞ்சிய பூமாலையும் அதில் மிதந்தன. பாலத்தைக் கடந்த ஒரு பெரிய மனிதர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களை வியப்புடன் பார்த்தார். இங்கே நின்று வேடிக்கை பார்க்கிறவர்களும் உண்டா என்பது அந்தப் பார்வையின் பொருள்.

"விறகுத் தொட்டி அதோ அங்கே இருந்தது" என்று மாமா ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தைக் காட்டினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

ஒரு ராத்தல் தானியம்

இந்தக் கால்வாய் யாரால் வெட்டப்பட்டது என்று கேட்டால், பக்கிங்ஹாம் பிரபுவால் என்று பள்ளிப் பிள்ளைகள் விடை எழுதுவார்கள். உண்மை அப்படியன்று. பஸில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வியாபாரி, சென்னையிலிருந்து எண்ணூருக்குப் போகும் முதல் பகுதியை 1806-ல் அமைத்தார். 1837-ல் அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே ஆந்திர தேசத்தை நோக்கியும் தெற்கே மரக்காணத்தை நோக்கியும் கால்வாய் சிறுகச் சிறுக நீண்டது. பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம் வரையில் இது சுமார் 420 கிலோமீட்டர். ஆனால் சென்னை நகரத்தின் நடுவே, கூவம் ஆற்றுக்கும் அடையாற்றுக்கும் இடையே, ஒரு சிறு துண்டு மட்டும் வெட்டப்படாமல் விட்டுப்போயிருந்தது. சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டின் மீதுதான் இப்போது நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

அதை வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஏழை ஜனங்கள். 1876-ல் தொடங்கி 1878 வரையில் நீடித்த அந்தப் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். மதராஸ் ராஜதானியில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டிருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. பிழைத்துக் கிடந்தவர்களுக்குச் சோறு வேண்டுமானால் நிவாரண வேலைக்குப் போகவேண்டும். அந்த வேலைகளில் ஒன்று இந்தக் கால்வாய் வெட்டு. ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் துரை 1877-ல் கணக்குப் போட்டு, வேலை செய்யும் ஆண்பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று தீர்மானித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதனினும் குறைவு. மண் சுமக்கிறவனுக்கு இது போதாது என்று ராஜதானியின் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் என்னும் ஆங்கிலேயரே வாதாடினார். பலருடைய கண்டனத்துக்குப் பிறகே அந்த அளவு உயர்த்தப்பட்டது.

முப்பது லட்ச ரூபாய் செலவில் 1878-ல் வேலை முடிந்தது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்குச் சூட்டினார்கள். மண் வெட்டியவர்களில் ஒருவர் பெயராவது எங்கும் பொறிக்கப்படவில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் விளக்குக்கு நெய் அளந்தவன் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது. பட்டினி கிடந்த கைகளால் எட்டுக் கிலோமீட்டர் நதியையே உண்டாக்கினவர்களுக்கு ஒரு செங்கல் இல்லை. அவர்கள் நமக்கு விட்டுப்போன ஞாபகச் சின்னம் இந்தத் தண்ணீர் ஒன்றுதான். அதை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைத்தான் அந்தப் பாலத்தின் மீது நின்று பார்த்தோம்.

அடையாற்றைத் தாண்டி

கிரீன்வேஸ் சாலை வழியாகத் திரு.வி.க. பாலத்துக்கு வந்தபோது காற்று மாறிற்று. கிழக்கே அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் விஸ்தாரமாக விரிந்து கிடந்தது. தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தோட்டம் அடர்ந்திருக்கிறது. வடகரையில், குப்பை மேடாய்ப் போயிருந்த கழியின் ஒரு பகுதியைச் சீர்திருத்தி 58 ஏக்கரில் அமைத்த தொல்காப்பியப் பூங்கா 2011-ல் திறக்கப்பட்டது. கண்டல் செடிகளும் நாணலும் மறுபடி தலையெடுத்த பிறகு பறவைகளும் தங்கள் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்துவிட்டன. கெட்டுப்போன தண்ணீர் கெட்டதுதான் என்று கைகழுவுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு முறை எட்டிப் பார்க்கலாம்.

ஆற்றைக் கடந்ததும் கால்வாய் மறுபடி எங்களோடு சேர்ந்துகொண்டது. கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் என்று ரயில் தூண்களின் வரிசையைப் பின்பற்றிக் கரையோரமாகவே மிதித்தோம். திருவான்மியூரில் மருந்தீசுவரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். இதற்கு மேல் நிலத்தின் அமைப்பே விசித்திரமானது. கிழக்கே கடல், மேற்கே கால்வாய், இரண்டுக்கும் நடுவே நீண்ட மணல் திட்டு. அதன் மீது பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று ஊர்கள் கோத்த மணிகள்போல் வருகின்றன.

அக்கரையில் மேற்கே திரும்பிச் சோழிங்கநல்லூர்ப் பாலத்தின் மீது ஏறிப் பார்த்தோம். கால்வாய் இங்கே அகன்றிருந்தது. ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளம் விரித்திருந்தாலும் இடையிடையே வானம் தெரியும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. ஒரு மீன்கொத்தி மின்கம்பியிலிருந்து பாய்ந்தது. மந்தைவெளியில் அதற்கு என்ன வேலை இருந்திருக்கும்?

"நிறம் மாறுகிறது பார்" என்றார் மாமா. உண்மைதான். கறுப்பு, கரும்பச்சை, சேற்று நிறம் என்று ஒவ்வொரு பாலத்திலும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றுக்கொண்டு வந்தது. நோயாளி ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, பிறகு வாசல் வரை நடந்து வருவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

முட்டுக்காடு

ஒன்பதரை மணிக்கு முட்டுக்காட்டுப் பாலத்தை அடைந்தோம். அங்கே கால்வாய் தன் கரைகளை உதறிவிட்டு, நீலமாய், அகலமாய், உப்பங்கழியாக மாறிவிடுகிறது. ஒரு புறம் கோவளத்து முகத்துவாரத்தில் அலை வெள்ளையாக உடைகிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையிலிருந்து 1984 முதல் உல்லாசப் படகுகள் கிளம்புகின்றன. அருகிலேயே, தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்திய தக்ஷிணசித்ரா 1996 முதல் இருக்கிறது.

1934-ல் பாரதிதாசன் தம் தோழர்களோடு இந்தக் கால்வாய் வழியாகத்தான் நிலவொளியில் படகேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டு அந்தப் பிரயாணத்தில் பிறந்தது. அந்த இரவில் அவர்கள் இந்தக் கழியைக் கடந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே ஜனநெருக்கமில்லாத ஒரு கரையோரத்தில் சவுக்கு நிழலைத் தேடி உட்கார்ந்தோம்.

ஆழமில்லாத நீரில் கூழைக்கடாக்கள் கூட்டமாய் மிதந்தன. நெட்டைக் கால்களோடு உள்ளான்கள் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாக்களைப்போல் தலையைக் குனிந்து நடந்தன. அவற்றுக்கு அப்பால், தண்ணீரில் மார்பளவு அமிழ்ந்து, தலைகள் மாத்திரம் தெரிய, நாலைந்து மனிதர்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். முதலில் குளிக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அவர்கள் இருளர்கள். வலையும் தூண்டிலும் இல்லாமல், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பது அவர்கள் தொழில். பிடித்ததைப் போடும் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கைகளும் சேற்றில் வேலை செய்யும். பறி முகத்துக்கு முன்னால் மிதக்கும். நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, ஏறும் நேரம் பார்த்துக் கரையேற வேண்டும்.

சிறிது நேரத்தில் ஒரு மூதாட்டி கரைக்கு வந்து, புடைவையைப் பிழிந்துகொண்டு நிழலில் உட்கார்ந்தாள்.

"எந்தூருங்க ஐயா?" என்று கேட்டாள்.

"மாம்பலம் அம்மா. கால்வாயைப் பார்த்துக்கொண்டே வந்தோம்."

அந்த அம்மாள் சிரித்தாள். "அப்ப அந்தக் கறுப்புத் தண்ணி உங்க ஊரிலேருந்துதான் வருதா?"

குற்றம் சாட்டும் தொனி இல்லை, தெரிந்துகொள்ளும் ஆவல்தான். அதனாலேயே எங்களுக்குப் பதில் வரவில்லை.

"பெருமழை பேஞ்சா மேலேருந்து அடிச்சுக்கிட்டு வரும்" என்று அவளே சொன்னாள். "இறால் போயிடும். சேத்திலே கையை வெச்சா பிளாஸ்டிக்குத்தான் தட்டுப்படும். அப்புறம் கையெல்லாம் சொறி. பத்து நாளைக்கு எறங்க முடியாதுங்க." விரல்களை நீட்டிக் காட்டினாள். நகங்கள் தேய்ந்து, தோல் வெளுத்து, வெட்டுக் காயங்கள் ஆறிய தழும்புகளோடு இருந்தன.

"முன்னே இதிலே படகு வருமே, ஞாபகம் இருக்கிறதா அம்மா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"நான் சின்னப் பொண்ணு. எங்க தாத்தா அந்தப் படகை இழுத்தவருதானே! சவுக்குக் கட்டை ஏத்திக்கிட்டுப் பட்டணம் போவாரு. தோள்பட்டையிலே கவுறு அறுத்த தழும்பு இருக்கும். திரும்பி வரப்போ எங்களுக்குப் பொட்டுக்கடலை வாங்கியாருவாரு."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "எங்கள் பாட்டி வீட்டு அடுப்பு அந்த விறகில்தான் அம்மா எரிந்தது" என்றார்.

"அப்படிங்களா!" என்று மூதாட்டி மறுபடியும் சிரித்தாள். நீர் ஏறுவதற்குள் இன்னொரு தடவை இறங்க வேண்டும் என்று எழுந்து, பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

'தெற்கே' என்று படகுக்காரன் சொன்ன இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிருந்து எங்கள் வீடுகளுக்கு விறகு வந்தது, உப்பு வந்தது. பதிலுக்கு இப்போது நாங்கள் அனுப்புவது என்ன என்பதையும் தெரிந்துகொண்டோம். போக்குவரத்து நின்றுவிட்டது என்று சொல்கிறார்களே, அது தவறு. படகுதான் நின்றது. சரக்கு மட்டும் திசை மாறி இன்றும் போய்க்கொண்டேயிருக்கிறது.

உப்பும் கண்ணாடியும்

தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு கோவளம் சென்று, மேற்கே கேளம்பாக்கம் சாலையில் திரும்பினோம். சைக்கிள்காரர்களுக்கு இதைவிட மனோகரமான பாதை சென்னைக்கு அருகில் இல்லை. இருபுறமும் கழி நீர் பளபளக்கிறது; நடுவே சாலை வரப்புப்போல் ஓடுகிறது. பழைய உப்பளங்களின் பாத்திகள் சதுரம் சதுரமாய்த் தெரிகின்றன. இந்தக் கரையோரத்து உப்பு ஒரு காலத்தில் கால்வாய்ப் படகுகளில்தான் பட்டணத்துக்குப் போயிற்று. ஒரு பிடி உப்பை எடுக்கும் உரிமைக்காக 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரணியத்தில் சிறை புகுந்ததை நினைத்துக்கொண்டோம். கடல் நீர் எல்லோருக்கும் பொது என்று அன்று சொன்னவர்கள், கால்வாய் நீரைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்?

கேளம்பாக்கத்திலிருந்து வடக்கே திரும்பும் பழைய மகாபலிபுரம் சாலை வேறோர் உலகம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் எழுந்த பிறகு, இந்தச் சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகள் முளைத்திருக்கின்றன. உள்ளே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உலகத்துக்கெல்லாம் கணக்கு எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் அங்கே வேலை பார்ப்பது குறித்து நமக்குப் பெருமைதான். ஆனால் துரைப்பாக்கத்தில் ஒக்கியம் மடுவுப் பாலத்தின் மீது நின்றால் இன்னொரு கணக்கும் தெரிகிறது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, இந்த மடுவு வழியாகத்தான் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலைக் காண வேண்டும். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு அது. 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்றபோது மிஞ்சியிருந்தது சுமார் 1,248 ஹெக்டேர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வழியை அடைத்தால் தண்ணீர் வாசலில் வந்து வழி கேட்கிறது.

திரும்பும் வழியில்

மந்தைவெளிப் பாலத்துக்கு மறுபடி வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். எழுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் மிதித்திருந்தோம். கால்கள் தனித்தனியே புகார் செய்தன. காலையில் நின்ற அதே இடத்தில் வண்டிகளை நிறுத்தினோம். தண்ணீர் அதேபோல் கறுத்துத்தான் கிடந்தது. நாற்றமும் குறையவில்லை. ஆனால் இது எங்கே போகிறது என்பது இப்போது எங்களுக்குத் தெரியும். பத்து விரல்களைச் சேற்றில் வைத்துக்கொண்டு அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதும் தெரியும்.

தயிர்சாதம் கட்டி வந்த பிளாஸ்டிக் பை மாமாவின் சட்டைப் பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் அருகே ஒரு வாலிபர் ஸ்கூட்டரை நிறுத்தி, கையிலிருந்த குப்பைப் பொட்டலம் ஒன்றைப் பாலத்துக்கு மேலாக வீசுவதற்கு ஓங்கினார்.

"தம்பி, அது முட்டுக்காடு வரைக்கும் போகும் அப்பா" என்றார் மாமா.

வாலிபருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவருக்குச் சித்தஸ்வாதீனம் எப்படி என்று ஒரு கணம் யோசித்தார் போலிருக்கிறது. பிறகு என்ன தோன்றிற்றோ, பொட்டலத்தை வண்டியிலேயே மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பாலத்தில் போட்டாரோ என்னவோ, நாங்கள் அறியோம்.

இந்தக் கால்வாயை 2008-ல் நான்காம் எண் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள். படகு மறுபடி வருமா என்பதைச் சர்க்காரும் நிபுணர்களும் சொல்ல வேண்டும். அதுவரையில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, மயிலாப்பூரில் ஒரு பாலத்தின் மீது நின்று கீழே பாருங்கள்; மூக்கைப் பொத்திக்கொண்டாலும் பாதகமில்லை. பிறகு அன்றைக்கே முட்டுக்காட்டுக்குப் போய் அதே தண்ணீரைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது இருபத்தைந்து கிலோமீட்டர்தான் என்று குழந்தைகளிடம் சொல்லுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள்.

மாமா வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் துடைத்து வைத்தார். "அடுத்த நடை எப்போது?" என்று மருமான் கேட்டார்.

"மழைக்கு அப்புறம் போவோம். அந்த அம்மாள் இறங்கினாளா என்று பார்க்க வேண்டும்" என்றார் மாமா.